மாமா ஏர் கன்னுக்குக் குறி சரிபார்த்த மாலை

2014ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் பொறுமை கரையத் தொடங்கியது. மாமா என் கையில் கொடுத்த நோட்டின் முதல் வரியில் அந்த நேரத்தை நானே எழுதினேன். அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. வேலூரிலிருந்து தொலைநோக்கி பூட்டிய புது ஏர் கன் ஒன்றை வாங்கி வந்திருந்தார். காரணம், ஒரு குரங்கு. சாயம் தோய்த்த பட்டு நூலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் உலர்த்துவோம். வயிற்றில் குட்டி தொங்கத் தொங்க, காலை ஏழு மணிக்கு வரும் அந்தத் தாய்க்குரங்கு, அரக்கு நூலையும் பச்சை நூலையும் இழுத்து, பிரிக்கவே முடியாத சிக்காக்கிவிட்டுப் போகும். அது நாள் தவறாமல் வந்ததற்கு, யாருக்கும் தெரியாமல் கைப்பிடிச் சுவரில் நான் வைத்த தோசைத் துண்டுகளும் ஒரு காரணம். அதை நோட்டில் எழுதவில்லை.

தொலைநோக்கியின் மேலே, குண்டை மேலும் கீழும் நகர்த்த ஒரு திருகும், பக்கவாட்டில், இடமும் வலமும் நகர்த்த ஒரு திருகும் இருந்தன. ஒரே புள்ளியைப் பார்த்து மூன்று முறை சுட்டு, மூன்றும் விழுந்த இடத்தை அளந்து, அதன் பிறகே திருக வேண்டும் என்று கூடவே வந்த தாளில் படம் போட்டிருந்தது. மாமா ஒரு முறை சுட்டார், திருகினார். மறுபடி ஒரு முறை சுட்டார், மறுபடியும் திருகினார்.

அளப்பதற்குக் கட்டம் போட்ட காகிதம் வேண்டுமென்று, அப்பா சேலைக் கரைக்காக வரைந்த பழைய கிராஃப் ஒன்றை மாமா மொட்டை மாடியின் மறுகோடியில் வைத்த மணல் மூட்டையில் ஒட்டியிருந்தார். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாய் மயில் நிரப்பிய காகிதம். அதில் விழுந்த ஓட்டை நாற்பதடி தூரத்திலிருந்து எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும், நான் ஒதுங்கி நின்ற மாடிப்படிக் கூண்டைவிட்டு வெளியே வந்து, மூட்டைவரை நடந்து, மயிலின் கண்ணிலிருந்து எத்தனை கட்டம் விலகல் என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

“இன்னா பாப்பா, எங்க வுழுந்துச்சு? ஜல்தி சொல்லு.”

“இடது பக்கம் நாலு கட்டம் மாமா.”

திருகு கடகடத்தது. அடுத்தது இடப்பக்கம் எட்டு. அதற்கடுத்தது பன்னிரண்டு.

“நாலு, எட்டு, பன்னெண்டா? எண்ணுறியா, வாய்ப்பாடு சொல்லிகினு இருக்கியா?”

பிழை என் எண்ணிக்கையில் இல்லை. திருகிலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் குண்டு நகரும் என்று தாளில் தெளிவாக இருந்தது. மாமாவோ, குண்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே திருகிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

“நீ எண்ணுற வேலைய மட்டும் பாரு.”

அம்மா நூலை எடுக்க மேலே வந்தார். “டேய், நீ குறி வெக்கிறதுக்குள்ள அந்தக் குட்டி வளந்து அதுவும் நூல் இழுக்க வந்துடும்டா.”

“பேஜார் பண்ணாதக்கா, கீழ போ.”

அதுவரை எனக்கு அது வெறும் கணக்கு. அம்மா குட்டி என்றதும்தான், கணக்கு சரியாக வந்தால் மறுநாள் ஏழு மணிக்கு என்ன ஆகும் என்று உறைத்தது. அளவில் பொய் சொன்னது என் வாழ்வில் அன்றுதான் முதல் முறை. பன்னிரண்டு கட்டம் இடப்புறம் இருந்த ஓட்டையைப் பார்த்தபடி, “தப்பா எண்ணிட்டேன் மாமா, வலது பக்கம் அஞ்சு,” என்றேன்.

மாமா வலப்பக்கம் ஐந்து கட்டத்துக்குத் திருகிச் சுட்டார். குண்டு இடப்புறம் ஏழாவது கட்டத்துக்கு நெருங்கியிருந்தது. நான் யோசிக்கவில்லை. “வலது பக்கம் ஏழு,” என்றேன். அடுத்த குண்டு மயிலின் கண்ணில் விழுந்தது.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட மாமா, முதல் முறையாகத் தாளில் சொன்னபடி, திருகைத் தொடாமல் மூன்று முறை சுட்டார். மூன்றும் ஒரே கட்டம். உண்மை சொன்னவரை விலகிக்கொண்டே போன துப்பாக்கியை இரண்டு பொய்கள் சரிசெய்துவிட்டன.

“பாத்தியா? பொறுமையா செஞ்சா எல்லாம் வரும்,” என்றார் மாமா, என்னிடம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். கூடத்தில் சாத்தி வைத்திருந்த துப்பாக்கியின் பக்கவாட்டுத் திருகை வலப்பக்கமாக மூன்று முழுச் சுற்றுத் திருப்பினேன். ஏழு மணிக்குக் குரங்கு வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. மாமா குறி பார்த்தபோது நான் பதறவேயில்லை. சுட்டார். குரங்கு வீறிட்டது. தொடையைப் பிடித்துக்கொண்டு, குட்டியோடு அடுத்த வீட்டு மாடிக்குத் தாவி மறைந்தது.

மாமா துப்பாக்கியைத் தாழ்த்தினார். குரங்கு உட்கார்ந்திருந்த இடத்துக்கு இடப்புறமாக, ஒரு சாண் தள்ளிச் சாத்தியிருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தகரத்துலதான குறி வெச்சேன். சத்தத்துக்கு ஓடிடும்னுதான...”

தள்ளிச் சுட நினைக்கிறவருக்கு எதற்கு ஒரு மாலை முழுக்க இத்தனை அளவெடுப்பு என்று, மாமாவின்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா மேலே வருவதற்குள் ஈரத்துணி கொண்டுவந்து கைப்பிடிச் சுவரிலிருந்த ரத்தத்தைத் துடைத்தேன்.