மூன்றாம் பாகத்துக்கு அக்கா சொன்ன விலை

திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் ஒரு சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் விரும்பும் விலையைக் கொடுக்கலாம் என்று கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தான் படித்ததில் நம்பிக்கை இல்லாமல் என்னைப் படிக்கச் சொன்னாள். படித்துச் சொன்னேன். "இன்னாடா இது, நம்மள வெல சொல்ல சொல்றானா?" என்றாள். ஆமாம் என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், பஸ் எட்டிப் பார்க்காத ஒரு ஊரில் இருக்கிறது. சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் வீட்டுக்கு ஆகும். கையில் காசு பார்ப்பது புளியில்தான். மரம் ஏறி உலுக்குவது எங்கள் பக்கத்தில் ஆண்கள் வேலை. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்த வருஷம் ஏற ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் மலையிறங்கி வேலைக்குப் போயிருந்தார்கள். புளி உதிர்ந்து வீணாகிறதே என்று அவளே ஏறினாள், கிளை முறிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வேலூரில் பார்த்துவிட்டு, இனி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். புருஷன் வீட்டார் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார்கள். மாமா ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை. அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்று சொல்ல வேண்டும். செங்கத்திலிருந்து மினி லாரியில் வரும் புளி வியாபாரி வந்து நின்றதும் ஒரு விலை சொல்வார். எங்கள் ஜனங்கள் உடனே தலையாட்டிவிடுவார்கள். இவரும் போய்விட்டால் மூட்டையை மலையிலிருந்து இறக்க வாடகைக்கு எங்கே போவது என்ற பயம். அக்கா மட்டும் பதிலே சொல்லாமல் ஒரு காலிச் சாக்கை எடுத்து உதறி மடிக்க ஆரம்பிப்பாள். வியாபாரி வண்டியைக் கிளப்புவார். வண்டி வளைவு வரைக்கும் போகும், அங்கே கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நிற்கும், பிறகு பின்பக்கமாகவே திரும்பி வரும். "இன்னாம்மா, வாயே தொறக்க மாட்ட போல. எவ்ளோதான் வேணும், சொல்லு" என்பார். அப்போதும் அக்கா அவசரப்பட மாட்டாள். மடித்த சாக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டிலும் புளிக்கு விலை பேசியவள் அவள்.

நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். அப்போதும் அதே வேலைதான். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு லேப்டாப்பைச் சரிசெய்து அக்காவுக்குக் கொண்டுபோனேன். அதில் சினிமாவாக நிரப்பிக் கொடுத்தேன். சீக்கிரமே அலுத்துவிட்டது. "எல்லாரும் நடக்கறாங்க, ஓடறாங்க. நான் பாத்துக்கினே கெடக்கணுமா?" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய விளையாட்டுகள் நினைவுக்கு வந்தன. ரோல் பிளேயிங் விளையாட்டு என்பார்கள். ஆறு ஆட்களை நாமே உருவாக்கி, பெயர் வைத்து, காடு மலை ஊர் என்று ஒரு பெரிய கதைக்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவசரம் கிடையாது. ஒரு அடி வைத்துவிட்டு அரை மணி நேரம் யோசிக்கலாம். நான் பால்வாடிக்குப் போன காலத்தில் வந்தவை, அதனால் எந்த ஓட்டை மெஷினிலும் ஓடும்.

அவற்றை விற்கும் இணையக் கடை ஒன்று எப்போதாவது ஒரு விற்பனை வைக்கும். அந்தத் தடவை வந்தது மூன்று பாகமாக ஓடும் ஒரே கதை. விலை சொல்வது வாங்குகிறவர். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் முதல் இரண்டு பாகங்கள் கிடைத்துவிடும். மற்றவர்கள் கொடுத்த தொகையின் சராசரியைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கதை முடிகிற மூன்றாம் பாகமும் சேர்ந்து வரும். அந்தச் சராசரியைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு வாசல் பலாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் எடுத்தேன். குரங்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மா கையில் குச்சியோடு மரத்தடியில் நின்றாள்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு இருக்கிறதிலேயே குறைந்த விலையைக் கட்டத்தில் அடித்தாள். "இவ்ளோ நாளு அவன் வெல சொன்னான், நான் சாக்கு மடிச்சேன். இப்ப நான்தான் வியாபாரி" என்றாள். பொத்தானை அழுத்திவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு மடிக்கச் சாக்கு இல்லை, அவ்வளவுதான். "அக்கா, இதுல கூப்பிட ஆளு கிடையாது. மெஷின்" என்றேன். "ஆளு இல்லாமயா வெல கேக்கறான்? வண்டி வளைவு வரைக்கும் போவட்டும், இருடா" என்றாள். இரண்டு பாகங்கள் இறங்கின. வேறு எதுவும் நடக்கவில்லை. நான் பெங்களூருக்குத் திரும்பிய பிறகும் சிக்னலுக்காக மேட்டில் ஏறிப் போன் பேசும் அம்மாவிடம் சொல்லி, "அவன் கூப்டானா?" என்று கேட்பாள். முதலில் அது கேலி என்று நினைத்தேன். விற்பனை முடிந்து கட்டம் மறைந்த பிறகும் கேட்டாள்.

அடுத்த முறை லீவில் போனபோது பார்த்தேன், ஆறு ஆட்களுக்கும் உறவுமுறையிலேயே பெயர் வைத்திருந்தாள். அக்கா, அம்மா, தம்பி, அப்பா, சித்தப்பா, அத்தை. அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது, இருந்தாலும் அவருக்கு இடம் உண்டு. வீட்டுக்காரருக்கு இல்லை. அக்கா என்ற ஆளின் கையில் கத்தியைக் கொடுத்து எல்லோருக்கும் முன்னால் நடக்கவிட்டாள். முன்னால் நடந்ததால் அக்காதான் முதலில் செத்தாள், ஒரு குகை வாசலில், ஓநாய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு. இந்த மாதிரி விளையாட்டில் ஆள் செத்தால் முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவார்கள். எல்லோரும் செய்வது அதுதான். நானும் அதைச் செய்து காட்ட மௌஸை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். "செத்தவங்கள எழுப்பி நடக்க வெப்பியா? நல்லா இருக்குதுடா உங்க நாயம்" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டாள். செத்த ஆளுக்குக் காரியம் முடிகிற நாள் வரைக்கும் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் அப்படித்தான் செய்தாள் என்று அம்மா சொன்னாள். இரண்டாம் பாகம் முடிந்தபோது இரண்டு பேர்தான் மிச்சம். அம்மாவும் தம்பியும்.

இந்த ஆட்கள் மூன்றாம் பாகத்துக்கு அப்படியே நடந்து போவார்கள். மூன்றாம் பாகம் மட்டும் அவளிடம் இல்லை. வழக்கமான விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றேன், பெரிய தொகை ஒன்றும் கிடையாது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெல சொல்லிட்டு எழுந்தவ திரும்பிப் போனா, அதுக்கப்புறம் அவன் சொல்றதுதான் வெல. எனக்கு மட்டும் இல்ல, பின்னாடி வர்றவங்க அத்தன பேருக்கும்" என்றாள். அவனே கூப்பிட வேண்டும், அதாவது விற்பனை மறுபடி வர வேண்டும். நான் கத்தினேன். யாருக்குத் தெரியப் போகிறது, உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கிற கடைக்காரன் உன் ரோஷத்தைக் கண்டானா என்றேன். "ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் கொண்டுபோய் சேக்கணும். ஆனா என் வெலையிலதான்" என்றாள். அவள் அப்போது கேட்டது அது ஒன்றைத்தான்.

அதற்குள் முதுகில் புண் வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வருகிற புண். அம்மா தனி ஆளாக அவளைப் புரட்டிப் போட்டுத் துடைப்பாள். அம்மாவுக்கும் வயசாகிவிட்டது, சில நாள் புரட்ட முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுவாளாம். புண் ஆழமானது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார். ஜீப்பில் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் அவள் போட்ட சத்தம் இப்போதும் அந்தப் பாதையில் போனால் எனக்குக் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, திரும்ப வரச் சொன்னார்கள். திரும்பப் போனோம். அதற்குப் பிறகு, இனி ஜீப்பில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் வருவதும் தணிவதுமாக இருந்தது. விற்பனை முதலில் வருமா, சாவு முதலில் வருமா என்று பெங்களூரில் உட்கார்ந்து நான் காத்திருந்தேன். கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் நினைப்பு அப்படித்தான் ஓடியது.

விற்பனை முதலில் வந்தது. கடையில் வேலையாக இருந்தபோது அறிவிப்பைப் பார்த்தேன், லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருப்பத்தூரில் இறங்கி, புதூர்நாடு பஸ் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். அக்கா பாதியாகியிருந்தாள். கண் மட்டும் பழைய கண். விஷயத்தைச் சொன்னதும், "கூப்ட்டான் பாத்தியா" என்றாள். அந்தக் குரலில் அப்படி ஒரு திருப்தி. போனை மரத்தில் கட்டிவிட்டு வந்து கட்டத்தைத் திறந்தேன். சராசரி என்ன என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் கணிசமாக ஒரு தொகையைச் சொன்னாள். எதற்கு இவ்வளவு, கொஞ்சம் கூட இருந்தாலே போதும் என்றேன். "அவன் எறங்கி வந்தான் இல்ல, நாமளும் ஏறிப் போவணும். பேசுன வெலன்னா அதுதான்" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து காசை எடுத்து என் பையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அது இறங்கி முடிய ஒரு பகல் பொழுது பிடித்தது. வெயில் சாய்கிற நேரத்தில் திறந்தேன். மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கிணறு, ஒரு பெரிய மரம், புகை வருகிற வீடுகள். அம்மாவும் தம்பியும் மரத்தடியில் வந்து நின்றார்கள். அக்காவின் கையை எடுத்து மௌஸின் மேல் வைத்தேன். விரல் அதன் மேலேயே கிடந்தது. ரொம்ப நேரம் அந்த ஊரைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "நான் பாதியில போய்ட்டா இவங்க நடுக்காட்டுல நிப்பாங்க. இந்த ஊரு நல்லாத்தான் இருக்குது. இங்கியே இருக்கட்டும்" என்றாள். நான் நடத்துகிறேன், நீ வழி மட்டும் சொல் என்றேன். "நீயா? உன் அவசரத்துக்கு மொத வளைவுலயே அம்மாவ கொன்னுடுவ" என்று சிரித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தாய் என்று கேட்டேன். "வாங்கிட்டேன் இல்ல, உடுடா" என்றாள். அந்த இடத்திலேயே சேமித்து மூடினேன். அந்த வாரமே போய்விட்டாள்.

அந்தக் கடையின் அறிவிப்பு எனக்கு இன்றும் வருகிறது. இன்னும் எத்தனையோ விளையாட்டுகளை, கொடுப்பதைக் கொடுங்கள் என்று விற்கிறார்கள். இப்போது எங்கள் வாசலிலேயே சிக்னல் வருகிறது. மூன்று பாகங்களும் என் கணக்கில் இருக்கின்றன, நினைத்தால் பெங்களூரில் உட்கார்ந்தபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அக்கா பெயர் வைத்து நடத்திய ஆட்கள் அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருந்தார்கள். அதை என்ன செய்தாய், விற்றுவிட்டாயா என்று கடையில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அக்காவை எங்கள் நிலத்து ஓரத்திலேயே புதைத்தோம். மறுநாள் பால் தெளிக்கப் போனபோது அவள் படுத்த பாய், தட்டு, சீப்பு, தலையணை எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். செத்தவர்கள் புழங்கியதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. லேப்டாப்பையும் அம்மா எடுத்து வந்திருந்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "ஒரு வாட்டி போடு" என்றாள். அம்மா அதுவரை அந்தத் திரையை நின்று பார்த்தவள் கிடையாது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. போட்டேன். அடிவாரத்து ஊரும் மரமும் வந்தன, அடியில் இரண்டு பேர்.

"யாருடா இவங்க?"

"நீயும் நானும்மா."

"அவ எங்க?"

"அவ மொதல்லயே செத்துட்டா."

வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, "அப்போ நம்ம ரெண்டு பேரையும் அவகிட்டயே உட்டுட்டு வா" என்றாள். நான் மூடி, பாயின் மேல் வைத்தேன். சாமான் வைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அம்மா பார்க்கவில்லை, வரப்பில் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.