பதில் வராமலிருக்க ஒரு மனு

பெற்றோர் தாமாக எழுதிக் கேட்டாலொழிய எந்தக் குழந்தைக்கும் பள்ளி டி.சி. கொடுக்கக் கூடாது. விதி அப்படித்தான். கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவன் சொல்கிறேன், நம்பலாம்.

இந்த விதியை மீறாமலே ஏமாற்றுவது எப்படி? எளிது. பெற்றோரையே எழுத வைத்துவிட வேண்டும்.

போன டிசம்பரில் எங்கள் சேரப்பணஞ்சேரியில் அதுதான் நடந்தது. அடுத்த தெரு ஏழுமலையின் பெண் பவானி, மூன்றாம் வகுப்பு. கடிப்பாள். சிலேட்டை வீசுவாள். பள்ளியில் பெரிய டீச்சர் சொல்லச் சொல்ல, 'சொந்தக் காரணங்களுக்காக' டி.சி. வேண்டுமென்று அவள் அம்மா தனம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"போடுன்னாங்க, கையெழுத்து போட்டுட்டேன் சார். இனிமே எந்த ஸ்கூல்ல சார் இத்த சேத்துக்குவாங்க?"

நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று பெரிய டீச்சரிடம் போனேன். அவர் முன்கையைக் காட்டினார். பல்வரிசை நன்றாகப் பதிந்திருந்தது. "அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். நான் என்ன சார் செய்யட்டும்?"

அங்கிருந்து நேரே ஏழுமலை வீட்டுக்குப் போனேன்.

ஏழுமலை தாயத்துக் கட்டிப் பார்த்திருந்தான். பெல்ட்டால் அடித்தும் பார்த்திருந்தான். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு பஸ், அங்கிருந்து ரயில்... நால்வரும் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குப் போனோம். இளம் வயது டாக்டரம்மா. மாத்திரை தரவில்லை, மூன்று கேள்வி தந்தார். எப்போது கடித்தாள்? அதற்கு முன் என்ன நடந்தது? அதற்குப் பின் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு மாதம் எழுதி வர வேண்டும்.

"பல இடங்கள்ல குழந்தைங்ககிட்ட செஞ்சு பார்த்து, பலன் இருக்கான்னு சரிபார்த்த முறை இது. மொத்தம் நாலு மாசம் வேணும். நடுவுல இன்னும் மோசமாகும். அப்ப விட்டுடாதீங்க."

திரும்பும் ரயிலில் ஏழுமலை முணுமுணுத்தான். "ஒரு நாள் சம்பளத்த வுட்டுட்டு வந்தா, நோட்டு எழுதிகினு வான்றாங்க."

நாலு மாதம். டி.சி.யோ அரையாண்டு லீவு முடிந்ததும் கைக்கு வந்துவிடும். இங்கேதான் என் சர்வீஸ் உதவியது. தனத்தின் விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வைத்தேன். மறுபடி எழுதி வாங்கிவிடக் கூடாதே என்று, இது குறித்துத் தெளிவுரை வேண்டி, ஏழுமலை பேரில், என் விலாசம் போட்டு மேலிடத்துக்கு ஒரு மனு, நகல் பள்ளிக்கு. மனு நிலுவையில் இருக்கும்போது எந்தப் பள்ளியும் டி.சி. புத்தகத்தைத் தொடாது. என் பழைய அலுவலகம் எவ்வளவு வேகமாகப் பதில் போடும் என்பது எனக்குத் தெரியாதா?

வாழ்க்கையில் முதல் முறையாக, நினைவூட்டுக் கடிதம் அனுப்பாமல் இருந்தேன். தபால்காரர் சைக்கிள் தெரு திரும்பினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழுமலை ஹைரோடு ஃபாக்டரியில் மெஷின் ஆபரேட்டர். அவனுக்குத் தெரிந்த ஒரே நோட்டு, மெஷின் நின்றால் நேரம், காரணம், நடவடிக்கை எழுதும் பிரேக்டவுன் ரிஜிஸ்தர். அதே மாதிரி கோடு போட்டிருந்தான். 'நைட் ஷிஃப்ட் வாரம். காலை 10 மணி. கடி. காரணம்: தெரியவில்லை. நடவடிக்கை: பெல்ட்.'

ஒரு மாதம் கழித்துப் போனபோது டாக்டரம்மா அதில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். அநேகமாக எல்லாக் கடியும் நைட் ஷிஃப்ட் வாரத்தில். அந்த வாரங்களில் ஏழுமலை பகலில் தூங்குவான். ஒரே அறை வீடு. விடிந்ததிலிருந்து 'உஷ், அப்பா தூங்குது'. மீறிச் சிரித்தால் அடி. வீட்டில் திறக்க முடியாத வாயைப் பெண் பள்ளியில் போய்த் திறந்திருக்கிறாள்.

டாக்டரம்மா யோசனைப்படி அடி நின்றது. கடித்தால் சண்டை இல்லாமல் சற்று நேரம் தனியே உட்கார வைப்பது. கடிக்காத ஒவ்வொரு வேளைக்கும், ஏன் என்று சொல்லி, காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. தினம் பத்து நிமிஷம் அப்பாவோடு அவள் சொல்லும் விளையாட்டு. நைட் ஷிஃப்ட் வாரங்களில் ஏழுமலை என் வீட்டு முன்னறையில் தூங்கினான். குறட்டையைத் தடுக்க விதி ஏதும் இல்லை.

டாக்டரம்மா சொன்னபடியே மோசமும் ஆனது. இரண்டாம் வாரம், ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்குக் கடி.

"பொட்டு ஒட்டி ஒட்டி இன்னா சார் கண்டோம்?" என்றாள் தனம்.

அன்று மாலை ஏழுமலை என் வீட்டுக்கு வந்து பெல்ட்டை மேஜைமேல் வைத்தான். "கை பெல்ட்டுக்குப் போச்சு சார். அடிக்கல. இது இங்கியே கெடக்கட்டும்." வேட்டி மட்டுமே கட்டுகிற என் வீட்டில் அது இன்னும் கிடக்கிறது.

பிப்ரவரியில் வாரம் ஒரு கடி. மார்ச்சில் ஒன்றுகூட இல்லை. பெரிய டீச்சரே பையில் ஒரு பொட்டு அட்டை வைத்திருந்தார். ஏழுமலையின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு 'ஆபரேட்டர்' என்று எழுதியிருந்தான்.

"யாருய்யா ஆபரேட்டர்?"

"நான்தான் சார்."

முப்பது வருஷத்தில் எந்த ஃபைலிலும் அப்படி ஒரு குறிப்பை நான் கண்டதில்லை. நானும் எழுதியதில்லை.

மேலிடத்துப் பதிலும் ஒருவழியாக வந்தது. பெற்றோர் எழுதிக் கேட்டாலொழிய டி.சி. கொடுக்கக் கூடாதாம். தபால்காரர் அதை நீட்டியபோது பவானி முழுப் பரீட்சை எழுதி முடித்து, லீவில், எங்கள் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். தேதி, ஏப்ரல் 29.