கேஷுவல்டி வாசலில் கழுவும் பந்தல்

எங்கள் முதல் ஒத்திகையில் அடிபட்டவர்களாக நடித்த பன்னிரண்டு பேரும் ஆண்கள். நான் செய்த முதல் தவறு அது. அன்று யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. எனக்கும் படவில்லை.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டர், மானிட்டர் பராமரிப்புக்குச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் சேஃப்டி ஆபீசர் பொறுப்பையும் கொடுத்தார்கள். மருத்துவமனையின் தரச்சான்றைப் புதுப்பிக்க ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வந்தால் யார் என்ன செய்வது என்று எழுத்தில் திட்டம் வேண்டும். தீயணைப்பு நிலையத்தாரை வைத்து ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்த வேண்டும். அதில் கண்ட குறைகளைச் சரிசெய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

"பட்டியல் போடறதுன்னா உனக்குத்தான் ரொம்பப் புடிக்குமே" என்று சொல்லி, அட்மின் குமரேசன் சார் அந்த ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இதே ஃபைல் நாளை உங்கள் மேசைக்கும் வரலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. பன்னிரண்டு செக்யூரிட்டிகள்

தோல் தொழிற்சாலைகளுக்கு ஆசிட் கேன்கள் ஏற்றிய வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் தினமும் போகின்றன. அதனால் ஒத்திகைக்கு ரசாயன விபத்தை எடுத்துக்கொண்டேன். அதில் முதல் விதி எளிது. ஆசிட் பட்டவரை நேராக உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே நனைந்த உடையைக் களைந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உடையோடு உள்ளே வந்தால் அவருடைய தோல் வெந்துகொண்டே இருக்கும். ஆவி பட்டு டாக்டரும் நர்ஸும் இருமத் தொடங்கினால் கேஷுவல்டியையே மூட வேண்டிவரும்.

கார் நிறுத்தும் இடத்தில் நான்கு இரும்புக் கால்கள் நட்டு, மேலே தகரம் போட்டு, இரண்டு ஹோஸ் பொருத்தினோம். ஊழியர்கள் அதைக் கழுவும் பந்தல் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஒத்திகை அன்று செக்யூரிட்டிகள் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடி வரிசையில் நின்றார்கள். மே மாத மதியம். மொட்டைமாடி டேங்கிலிருந்து தண்ணீர் வந்தது.

"மேடம், ஆசிட்டு பரவால்ல, தண்ணிதான் வேவுது" என்றார் செக்யூரிட்டி ஹெட் செல்வம்.

ஹோஸைத் தரைத்தொட்டி மோட்டாருக்கு மாற்றும்படி எழுதிக்கொண்டேன். மற்ற எல்லா இடத்திலும் டிக் போட்டேன்.

கேஷுவல்டி இன்சார்ஜ் சிஸ்டர் ஜெபா அறிக்கையை நின்றபடியே படித்தார்.

"எல்லாம் சரி மேடம். காலையில ஏழரைக்கு இந்த ரோட்ல எத்தினி கம்பெனி பஸ் போவுது, அதுல உக்காந்துனு போறது யாரு?"

ஷூ கம்பெனி பஸ்கள். ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள். தினமும் அந்த பஸ்களுக்குப் பின்னால்தான் நான் ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறேன்.

2. ஃபெயில்

அடுத்த ஒத்திகைக்கு, பக்கத்திலிருந்த ஒரு ஷூ கம்பெனி தையல் பிரிவிலிருந்து பதினைந்து பெண்களை அனுப்பியது. தீயணைப்பு நிலைய அலுவலர் விசில் ஊதினார். பெண்கள் பந்தல் வரை வந்து நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர் பெயர் மேரி.

"இன்னா மேடம், நடுரோட்ல குளிக்க சொல்றீங்க?"

"டிரெஸ் மேலயேதான் தண்ணி ஊத்துவோம் அக்கா. ட்ரில்தானே."

"ட்ரில்லு சரி. நெஜமா வந்தா?"

"நெஜமா வந்தா கழட்டித்தான் ஆகணும்."

"மாடில பாருங்க, ஒருத்தன் போனைப் புடிச்சினு நிக்கிறான். சாயங்காலத்துக்குள்ள எங்க தெரு குரூப்ல வந்துடும். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு இன்னா கேப்பாரு?"

"சோப்பு போட்டியான்னு கேப்பாரு" என்றார் பின்னால் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர்கூடப் பந்தலுக்குள் வரவில்லை. நான் தீயணைப்பு அலுவலரிடம் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"ஃபெயில்னே எழுதும்மா. எல்லா எடத்துலயும் பாஸ்னு எழுதி எழுதித்தான் கெடக்கு."

எழுதினேன். மருத்துவமனை நிர்வாகத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அந்த வாரமே குறைகளின் பட்டியலோடு குமரேசன் சார் அறைக்குப் போனேன். சிஸ்டர் ஜெபாவும் வந்தார். பந்தலுக்கு நான்கு பக்கமும் இறக்கிவிடும் தார்ப்பாய். பெண்கள் பக்கத்தில் பெண் ஊழியர்கள் மட்டும். மாடி ஜன்னல்களுக்கு ஓர் ஆள், போனோடு யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள. அதுவரை தலையாட்டிய சார் நான்காவதில் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது? ஆக்சிஜன் கேட்டா அர்த்தம் இருக்கு. நாப்பது நைட்டியா?"

"கழுவுனதும் மாத்திக்க சார். ஃப்ரீ சைஸ்."

"பேஷன்ட் கவுன் கட்டு கட்டா கெடக்குதே."

"அது பின்னால தொறந்து கெடக்கும் சார்" என்றார் ஜெபா. "நீங்க ஒரு வாட்டி மாட்டிக்கினு பார்க்கிங்ல நின்னு பாருங்க."

சார் பேனாவை மூடினார். நான் நிபந்தனைத் தாளைக் காட்டினேன். ஒத்திகையில் கண்ட குறையைச் சரிசெய்த ஆதாரம் இல்லாவிட்டால் சான்றைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று அதில் இருந்தது. பேனாவை மறுபடி திறந்தார். அந்த ஒரு வரி இல்லாமலிருந்தால் அந்த நைட்டிகள் வந்திருக்காது. விதிகளைப் பற்றிச் சலித்துக்கொள்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

மேரியும் அவர் கூட்டமும் அடுத்த ஒத்திகைக்கு வந்தார்கள். தார்ப்பாயைச் சுற்றிவந்து, ஓட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்கள். பதினைந்து பேரும் கழுவிக்கொண்டு, நைட்டியில் வெளியே வந்தார்கள். பட்டியல் முடிந்தது என்று நினைத்தேன்.

3. திங்கட்கிழமை

ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். பார்மிக் ஆசிட் கேன்கள் ஏற்றிய மினி லாரி ஒன்று நெடுஞ்சாலையில் திடீரென நின்றது. பின்னால் வந்த ஷூ கம்பெனி பஸ் அதில் மோதியது. கேன்கள் உடைந்து, பஸ்ஸின் முன்கண்ணாடி போன வழியில் ஆசிட் உள்ளே தெறித்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பின்னால் வந்த இன்னொரு கம்பெனியின் வேனில் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூக்கைக் குத்தும் அந்த நெடி வேனுக்கு முன்னால் வந்தது.

செல்வம் கேஷுவல்டி கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். வேன் டிரைவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"உசுரு போவுது, உள்ள வுடாம இன்னாய்யா பண்ற?"

"தண்ணி அங்க இருக்குண்ணே, டாக்டரும் அங்கதான் இருக்காரு. சட்டைய அப்பறமா புடி, மொதல்ல அவங்கள அங்க எறக்கு."

தார்ப்பாய்கள் இறங்கின. மோட்டார் ஓடியது. உள்ளே ஜெபாவும் மூன்று பெண் ஊழியர்களும். தார்ப்பாய்க்கு வெளியே டாக்டர். என் வேலை வெள்ளைப் பலகையில் நேரம் எழுதுவது. முதல் நால்வர் உடை களைந்து தண்ணீருக்குள் போனார்கள். திட்டம் தாளில் இருந்தபடியே நடந்தது.

ஐந்தாவதாக வந்தவர் கஸ்தூரி. இருபத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்தவர். கழுத்திலும் மார்பிலும் ஆசிட் தெறித்திருந்தது. சுடிதாரைக் கத்தரிக்க விட்டார். ஆனால் வலது கையைக் கழுத்தடியில் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குள் தண்ணீர் போகவில்லை.

"கையை எடும்மா" என்றார் ஜெபா.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க சிஸ்டர். இத வுட்ருங்க."

தாலிக்கயிறு. புதுக்கயிறு, நல்ல தடிமன். ஆசிட்டில் ஊறியிருந்தது. நான் பலகையை விட்டுக் கிட்டே போனேன்.

"அது ஊறியிருக்கு கஸ்தூரி. கழட்டலன்னா எரிச்சிட்டே இருக்கும்."

"எரியட்டும் மேடம். அவரு குஜராத் லோடு ஏத்திக்கினு போயிருக்காரு. ராத்திரி பகலா ரோட்ல இருக்கற மனுஷன். இப்பப் போயி கழட்டுன்றீங்களே."

பக்கத்தில் தண்ணீரில் நின்றிருந்த இரண்டு பெண்களின் கைகளும் அவரவர் கழுத்துக்குப் போயின. வரிசை நின்றுவிட்டது. பின்னால் இன்னும் ஆறு பேர், நனைந்த உடையோடு.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். கத்தரிக்கோலைக் கேட்டேன். கஸ்தூரி அதைப் பார்த்ததும் பின்வாங்கித் தண்ணீரை விட்டே வெளியே போய்விட்டார்.

"கத்தரிய கீழ வைங்க மேடம்" என்றார் ஜெபா. குரல் உயரவில்லை. கட்டுத்துணிச் சுருளிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்து முறுக்கினார். "கஸ்தூரி, மொதல்ல இதக் கட்டிக்கோ. கழுத்து வெறுமனே இருக்காது. அப்பறம் அத அவுத்துக் குடு. தாலிப் பொட்டை உன் கண்ணு முன்னாலயே கழுவி இதுல கோத்துத் தர்றேன்."

கஸ்தூரி பட்டையைப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குதே."

ஜெபா ஒரு நொடி யோசித்தார். பக்கத்து ட்ரேயிலிருந்து பெட்டாடின் பாட்டிலை எடுத்துப் பட்டையின் மேல் கவிழ்த்தார்.

"இப்ப?"

"கொஞ்சம் செவப்பா இருக்கு."

"காஞ்சா மஞ்சளாயிடும். கட்டு, கட்டு."

கட்டிக்கொண்டார். பழைய முடிச்சைத் தானே அவிழ்த்தார். கை விலகியதும் ஹோஸ் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. மற்ற இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே கையை நீட்டி, "எனக்கு ஒண்ணு கிழிங்க சிஸ்டர்" என்றார்கள். வரிசை நகர்ந்தது. பலகையில் நேரம் எழுதினேன். கஸ்தூரி பந்தலுக்குள் வந்ததற்கும் அவர் கழுத்தில் தண்ணீர் பட்டதற்கும் இடையே ஆறு நிமிடம்.

பதினொரு பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பினார்கள். கேஷுவல்டியை ஒரு நிமிடம்கூட மூடவில்லை. அதே நேரத்தில் உள்ளே நெஞ்சுவலியோடு வந்த ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தலில் நடந்தது அவருக்குத் தெரியாது.

4. பட்டியல் திருத்தம்

அந்த வார ஆய்வுக் கூட்டம் முடிந்ததும் ஜெபாவிடம் கேட்டேன், இந்த வழி முன்பே தெரியுமா என்று.

"ஆபரேஷன் தியேட்டர்ல தினமும் பண்றதுதானே மேடம். அங்க மஞ்ச நூல்கண்டே வெச்சிருக்கோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. எனக்கும் தோணல. தியேட்டர் வேற, பந்தல் வேறன்னு இருந்துட்டேன்."

தியேட்டர் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை மானிட்டர் பார்க்க நானே அங்கே போகிறேன். திட்டம் எழுதும்போது அச்சிட்ட வழிகாட்டிகளைப் படித்தேன். அந்த இரண்டு மாடி ஏறிக் கேட்கவில்லை.

கஸ்தூரி கட்டுப் பிரிக்க வந்த ஒரு நாள், திருத்திய திட்டத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். உள்ளங்கைப் புண் ஆறிவந்தது. கணவரும் கூட வந்து வெளியே காத்திருந்தார். நான் எழுதியிருந்தது இது: முதலில், கயிற்றை அகற்றவேண்டிய காரணத்தை நிதானமாக விளக்க வேண்டும். இரண்டாவது, மாற்றுக் கயிறு வழங்க வேண்டும்.

"நீங்க வெளக்கி முடிக்கறதுக்குள்ள நான் வெந்துடுவேன் மேடம்" என்றார். "மொதல்ல மஞ்சக் கயித்தைக் கையில குடுத்துடுங்க. எதுக்குன்னு நாங்களே புரிஞ்சிப்போம். பேசறதெல்லாம் அப்பறம்."

இரண்டையும் இடம் மாற்றினேன். நூல்கண்டுக்கான தாளை எடுத்துப்போனபோது குமரேசன் சார் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஒரு கண்டு பத்துமா?" என்றார். இப்போது பந்தல் பெட்டியைத் திறந்தால் கையுறைகளுக்கும் மேலே அந்தக் கண்டு இருக்கும். தாலிப் பொட்டைப் போட்டுவைக்க எண் எழுதிய சின்ன பைகளும் கூடவே.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஆயத்தமாக இருக்கும்படி விதி நம்மைக் கட்டாயப்படுத்தும். அது நல்லது, அந்தக் கட்டாயத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாசலில் வந்து நிற்கப் போவது யார் என்று விதி சொல்லாது. அதை நீங்கள்தான் முன்கூட்டிக் கேட்டுவைக்க வேண்டும், அவர்களிடமே.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அறிக்கையில் ஆறு நிமிடம் என்று ஒரு வரி இருக்கிறது. கஸ்தூரியின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றின் கனத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. மற்ற இடங்களில் புண் இருந்த அடையாளமே இல்லை.