சரிவுப் பக்கம் நின்றவள்

மலையில் கிரிக்கெட் ஆடினால் சரிவுப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தியாக வேண்டும். விட்டால் பந்து பள்ளத்தில் போய்த்தான் நிற்கும். அந்த இடம் எப்போதும் கூட்டத்தில் சின்னதற்குத்தான். செம்மேட்டுப் பிள்ளைகளுக்குள் அது சட்டம். அந்த வருடம் சின்னது என் மகள். ஒன்பது வயது.

நான் அடிவாரத்திலிருந்து மலையேறி வந்து குடியிருப்பவன், வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன். சுற்றுலா வண்டிகள் நிறுத்த இடம் வரைந்து தரும் வேலை வந்தது. சந்தைக்குப் பின்னால் இருந்த சமதளத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அளந்தேன். ஈ காக்கை இல்லை. பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஸ்டம்புக்காக அடுக்கியிருந்த கற்களை 'அகற்ற வேண்டியவை' என்று எழுதினேன். இடத்தைக் 'காலி' என்று எழுதினேன். வரைந்து முடித்ததும் பெருமையாக மகளிடம் காட்டினேன். அவள் அந்தக் கற்களைக் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

வண்டிகள் வந்து நின்றன. பிள்ளைகள் ரோட்டு வளைவுக்கு மேலிருந்த துண்டு நிலத்துக்குப் போனார்கள். அங்கே சரிவுப் பக்கம் என்றால் ரோடுதான்.

ஒரு சாயங்காலம் பந்தை மறிக்க ஓடியவளை ஒரு வேன் தூக்கி எறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. என் மனைவி அவளோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். நானும் ஏறியிருக்க வேண்டும். நான் வேன் டிரைவரிடம் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்து, வாயிலேயே குத்தினேன். பல் தெறித்தது.

"ஏனுங்க, ஹாரன் அடிச்சேனுங்க... உட்டுருங்க..."

அவன் கும்பிடக் கும்பிட அடித்தேன். கீழே விழுந்தவனை மிதித்தேன். கல்லெடுத்து வேன் கண்ணாடியை நொறுக்கினேன். பொய் சொல்லமாட்டேன், அப்போது சுகமாக இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தியே இல்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், காலில் கம்பி வைத்துக் கிடந்தவள் கேட்டாள்.

"அந்த அண்ணன எதுக்குங்கப்பா அடிச்சீங்க?"

"உன்னய இப்படிப் பண்ணுனவன சும்மா உடச் சொல்றியா, கண்ணு?"

"அவரு ஹாரன் அடிச்சாருங்கப்பா. எங்க எடத்துல வண்டி நிக்கோணும்னு கோடு போட்டது நீங்கதானுங்க. அத நான் யாருகிட்டயும் சொல்லல."

எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அவன் பல் பட்டுக் கிழிந்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.