நாலாம் வளைவில் சுகப்பிரியா

பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்புக்கு மேல் முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள் சுகப்பிரியா. எதிரே ஜன்னல் விளிம்பில் கைபேசி. அதில் பன்னிரண்டு வினாடிப் படம் ஒன்று ஓடி முடிகிறது. பெருவிரலால் தொட்டு மறுபடி ஓடவிடுகிறாள். முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட தட்டு இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. படப்பை மகளிர் விடுதியில் அந்த அறையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் இது பழகிவிட்டது. போன மாதம் புதிதாக வந்து சேர்ந்த பெண் மட்டும், "அக்காவுக்கு இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டு, தைலம் எடுத்துக் கொடுத்தாளாம்.

இருபத்துநாலு வயது. ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கான பிரேக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வு பார்க்கிறாள். இருபத்திரண்டு வினாடிக்கு ஒரு குழாய் அவள் முன்னால் வரும். வெளிச்சத்தில் திருப்பி, முனையில் விரல் ஓட்டி, பச்சைப் பெட்டியிலோ சிவப்புப் பெட்டியிலோ போட வேண்டும். தேறாத சரக்குக்குத் தொழிற்சாலைப் பேச்சில் 'என்ஜி' என்று பெயர். அந்த வார்த்தை அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. விடுதி சாம்பார் என்ஜி. படப்பை கூட்டுச்சாலை சிக்னல் என்ஜி. ஊரிலிருந்து அப்பா கொம்பையா அனுப்பிய மாப்பிள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு, "சட்ட மட்டும் ஓகேப்பா" என்று போனில் சொல்லியிருக்கிறாள். கொம்பையா அத்தோடு போனை வைத்துவிட்டார்.

பந்தயத்துக்கு அவள் வந்தது வண்டி வாங்கிய பிறகுதான். கம்பெனி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து நிற்கப் பிடிக்காமல் ஒரு பழைய நூற்றைம்பது சிசி வண்டியை வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பும் வழியில், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஆயிரம் வண்டு சேர்ந்து பறப்பதுபோல ஒரு சத்தம். விசாரித்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குள் போனாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், தான் ஓட்டுகிற அதே வண்டி, படுத்த மாதிரி சாய்ந்து வளைவில் போனது. "நம்ம வண்டிக்கு இதெல்லாம் தெரியுமாட்டி" என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் கேட்டாள். மூன்று மாதம் கழித்து, அறுபது ஆண்கள் உட்கார்ந்த பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக இருந்தாள்.

அவளுக்கென்று தனிப் பந்தய வண்டி கிடையாது. ஞாயிறு காலையில் கண்ணாடிகளைக் கழற்றுவாள். முகப்பு விளக்கின்மேல் டேப் ஒட்டி, நாற்பத்தேழு என்ற எண்ணைப் பதிப்பாள். சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி மாட்டுவாள். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு அதே வண்டியில்தான் போக வேண்டும். அதனால் விழக் கூடாது என்பது அவளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான அர்த்தம் உள்ள விதி.

தோழி என்றேனே, அது காவேரி. பிள்ளைப்பாக்கத்துப் பெண். அதே ஆய்வு மேசையில் எதிர் நாற்காலி. வண்டி ஓட்டத் தெரியாது, பின்னால் உட்கார்ந்தாலும் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் படம் எடுப்பது அவள்தான். நாலாம் வளைவுக்கு வெளியே வேலியோரம், துப்பட்டாவைத் தலையில் முக்காடிட்டு, இரண்டு கையாலும் கைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டியில் ஒரு சின்னக் கேமராவும் உண்டு. பெட்ரோல் டேங்கின்மேல் ஒட்டி வைத்த முதல் நாள் படம் முழுக்கப் பாயசம்போலக் கலங்கியது. சைக்கிள் டியூபை வெட்டி மூன்று மடிப்பாக அடியில் கொடுத்த பிறகு நடுக்கம் நின்றது. அன்றைக்கு நாள் முழுக்கச் சுகப்பிரியாவின் முகத்தில் வெளிச்சம் இருந்ததாகக் காவேரி சொல்கிறாள்.

பந்தயத்தில் ஓட முதலில் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அன்றைய மிக வேகமான ஆள் எடுத்த நேரத்தைவிடப் பதினைந்து சதவீதத்துக்குமேல் கூடுதலாக எடுப்பவர்கள் வேடிக்கை பார்க்கலாம், ஓட முடியாது. அந்த எல்லை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முப்பத்திரண்டு வினாடி. இரண்டாயிரத்துப் பதினாலு ஜூனில் அவள் எடுத்தது இரண்டு முப்பத்தாறு. ஜூலையில் இரண்டு முப்பத்துமூன்று. ஒலிபெருக்கியில் தேறியவர்களின் எண்ணை வாசித்தபோது நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தொன்பது வந்தது. டேப்பை உரித்துக்கொண்டிருந்தவளின் காதில் விழும்படி யாரோ, "பொண்ணு இவ்ளோ தூரம் ஓட்னதே பெருசு" என்றார்கள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பாராட்டு இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஆகஸ்டில் ஒரு பந்தயம் மிச்சம். அதோடு பருவம் முடிகிறது. செப்டம்பரில் அவளுடைய பயிற்சிக் காலமும் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டுமா என்று கம்பெனி வாய் திறக்கவில்லை. இனி ஒரு வாய்ப்புதான் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

யோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. முதல் ஆள் பலராமன். ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நாற்பதை நெருங்குகிறவர். புதியவர்கள் பிரிவிலேயே நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே எல்லோருக்கும் அண்ணன். நல்ல மனுஷர். ஆனால் எந்த நோய்க்கும் அவரிடம் மருந்து ஒன்றுதான். "பின்னாடி செயின் ஓடுற ஸ்ப்ராக்கெட்ட மாத்தும்மா. டயர மாத்து. வண்டி இழுக்கல, அவ்ளோதான்."

சுகப்பிரியா மாற்றவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் பிரிக்கக் கூடாது என்பது அவள் மேசையில் படித்த பாடம். படங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, நாலாம் வளைவுக்கு இன்னும் நூறு மீட்டர் என்று காட்டும் பலகையோடு சத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாள். மற்ற வண்டிகள் பலகையைத் தாண்டியும் கத்திக்கொண்டு போயின. அவள் வண்டி பலகைக்கு முன்பே மூச்சை அடக்கிக்கொண்டது. வளைவில் மட்டும் மற்றவர்களைவிட ஒன்றேமுக்கால் வினாடி அதிகம். அப்படியானால் வண்டி இழுக்காமல் இல்லை. இவள்தான் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதுதான் பிடிபடவில்லை.

அதைப் பிடித்தது காவேரி. தேநீர் இடைவேளையில் கேன்டீன் மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி, வளைவு வர்றச்சலாம் கீழயே பாக்கற? எதுனா வுழுந்துச்சா?"

"எங்க பாக்கேன்?"

"தோ பாரு. இவன் மூஞ்சி அந்தாண்ட திரும்பிகினு கீது. இவனும் அப்டித்தான். உன் மூஞ்சி மட்டும் முன் டயர்லயே கீது."

சுகப்பிரியா படத்தை நிறுத்தினாள். பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தாள். ஜூன் மாதப் படத்தை எடுத்தாள். அதிலும் அதே முகம், அதே குனிவு. நாலாம் வளைவு நீளமானது, உள்ளே நுழையும்போது வெளியேறும் இடம் கண்ணில் படாது. தெரியாத இடத்தைப் பார்க்கப் பயந்து தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். டயருக்கு முன்னால் நாலடித் தரைதான் கண்ணில் இருந்தால், எந்த வேகமும் அதிக வேகமாகத்தான் தெரியும். தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது.

"நாந்தாம்ட்டி என்ஜி," என்றாள். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள் என்கிறாள் காவேரி. சிவப்புப் பெட்டியில் போடும் குழாயில் வெடிப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

பிள்ளைப்பாக்கத்தில் காவேரியின் வீட்டுக்குப் பின்னால், வயலாக இருந்த இடத்தில் ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். தார்ச்சாலை வளைந்து வளைந்து போகும். ஓரத்தில் மஞ்சள் அடித்த கற்கள். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆறு வாரம், ஷிப்ட் முடிந்த பொழுதுகளில், சுகப்பிரியா அங்கே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினாள். வேகம் அவள் நோக்கமே இல்லை. ஒரு கல்லைத் தாண்டும் முன்பு அடுத்த கல்லைப் பார்க்க வேண்டும், அதற்கு முகம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். காவேரி அடுத்த கல்லருகே நின்று விரல்களைக் காட்டுவாள். எத்தனை விரல் என்று சுகப்பிரியா கத்த வேண்டும். ஆடு மேய்க்க வந்தவர்கள் இதைச் சில நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் காவேரியின் அம்மா முனியம்மாளிடம் போய், "அந்தத் தெக்கத்திப் பொண்ணுக்குக் கண்ணு இன்னா கொறையா?" என்று விசாரித்தார்கள்.

ஆகஸ்டு ஞாயிறு வெயிலோடு விடிந்தது. தகுதிச் சுற்றில் ஐந்து முறை சுற்றலாம். முதல் இரண்டிலும் பழக்கம் கழுத்தைக் கீழே இழுத்தது. மூன்றாவதில் நூறு மீட்டர் பலகை வந்தபோது அவள் வாய்விட்டு, ஹெல்மெட்டுக்குள், "எத்தன வெரலு?" என்று கேட்டுக்கொண்டாள். முகம் தானாகத் திரும்பியது. வளைவின் கடைசி, வெள்ளைக் கோடு, அதற்கப்பால் நேர்ச்சாலை எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன. வலது கை முறுக்கியது. வண்டி அவளுக்கு முன்பே அதைத் தெரிந்துவைத்திருந்தது போலச் சாய்ந்து, ஒட்டிக்கொண்டு, வெளியே பாய்ந்தது. டேங்கின்மேல் இருந்த கேமராவில் அந்த இடத்தில் ஒரு பெண் குரல் சிரிப்பது பதிவாகியிருக்கிறது.

இரண்டு நிமிடம் இருபத்தொன்பது புள்ளி ஆறு. ஒலிபெருக்கி எண்களை வாசித்தது. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. காவேரி வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கியதில் காவலாளி வந்து சத்தம் போட்டார். "இன்னொரு வாட்டி சொல்ல சொல்லுங்கண்ணா," என்று அவரிடமே கேட்டாள் காவேரி.

தேறினால் போதும் என்றுதான் வந்திருந்தாள். தேறிய பிறகு போதவில்லை. இருபத்திரண்டு வண்டிகளில் பத்தொன்பதாவது இடத்திலிருந்து கிளம்பி, ஆறு சுற்றுப் பந்தயத்தில் ஒவ்வொன்றாக விழுங்கினாள். இரண்டு பேர் மண்ணில் இறங்கி நின்றுவிட்டார்கள். மற்றவர்களை அவளே தாண்டினாள். ஐந்தாம் சுற்றில் முன்னால் பலராமனின் சிவப்பு முதுகு தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காவேரி எடுத்த மூன்று மாதப் படங்களில் சுகப்பிரியாவுக்கு முன்னாலோ பின்னாலோ அநேகமாகப் பலராமனும் இருந்தார். அவருடைய நாலாம் வளைவை அவரைவிட அதிக தடவை பார்த்தவள் அவள். அவசரமாக உள்பக்கம் நுழைவார், பாதியில் வண்டி அவரை வெளியே தள்ளும், கடைசியில் வெள்ளைக் கோட்டைத் தேடிப் போவார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கடைசிச் சுற்றிலும் அவர் அவசரமாக உள்ளே நுழைந்தார். சுகப்பிரியா அவசரப்படவில்லை. வெளியே அகலமாகப் போய், ஒரு நொடி தாமதித்து, முகத்தைத் திருப்பினாள். அவர் வெளியே நழுவி விட்டுக்கொடுத்த இடத்தில், உள்பக்கமாக, முறுக்கிய கையை விடாமல் கடந்து போனாள். காவேரியின் கைபேசியில் அந்தத் தாண்டல் இல்லை. ஆகாயம், செருப்பு, மறுபடி ஆகாயம், "அய்யோ போறாடி, போய்கினே கீறாடி" என்ற குரல் இவ்வளவுதான் இருக்கிறது.

எட்டாவது இடம். எட்டாம் இடத்துக்குக் கோப்பை இல்லை. ஆனால் வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குள் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பேர் தெரியாத இரண்டு பையன்கள் எழுந்து வழிவிட்டு, வண்டியைத் தாங்குகோலில் ஏற்றிக் கொடுத்தார்கள். யாரும் பெருசு என்று சொல்லவில்லை. ஒருவன், "அக்கா, எவ்ளோ டைம்?" என்று மட்டும் கேட்டான்.

பலராமன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேர்வை வழிய வந்தார்.

"இன்னாம்மா பண்ண? பின்னாடி இருந்த. ஒரு செகண்டு கழிச்சுப் பாத்தா முன்னாடி போய்கினு கீற. ஸ்ப்ராக்கெட் மாத்திட்டியா?"

"இல்லண்ணே. பழசுதான்."

"டயரு?"

"அதுவும் பழசுதான்."

"அப்ப இன்னாதான் மாத்தன?"

"பாக்கத மாத்துனேன்."

அவர் குனிந்து அவள் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார். சுகப்பிரியா கையுறையைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். கருவிப் பையிலிருந்து டயரில் குறிபோடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு சிமென்ட் தரையில் குந்தினாள். நேர்ச்சாலை, பலகை, அதற்கப்புறம் ஒரு நீண்ட வளைவு என்று கோடு இழுத்தாள். வண்டி தாங்கிய பையன்கள் குனிந்தார்கள். அடுத்த வண்டிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். சாக்கட்டி நடு வளைவுவரை வந்து ஒரு கறுப்பு பூட்ஸில் முட்டி நின்றது.

அவள் நிமிரவில்லை. சாக்கட்டியால் அந்த பூட்ஸின் முனையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கால எடுங்கண்ணே. நீங்க நிக்கது நாலாம் வளைவு."

பலராமன் காலை எடுத்தார். எடுத்த காலைப் பின்னால் ஊன்றி, பேண்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் குந்தினார்.