மகளுக்கு வைத்திருந்த விரால்

நாங்கள் மீன் பிடித்து விற்கிறவர்கள். வலங்கைமான் பக்கம் குளத்தைக் குத்தகைக்கு எடுப்போம். வீட்டுக்காரர் வலை போடுவார், நான் சந்தையில் விற்பேன். பெரிய மீன் சந்தைக்கு, பொடி மீன் வீட்டுக்கு. எப்போதும் அப்படித்தான்.

மகள் மாசமானபோது மட்டும் அதை மாற்றினோம். மசக்கை அதிகம் என்று சீக்கிரமே கூட்டிவந்துவிட்டோம். சோறு தங்கவில்லை, பால் தங்கவில்லை. விரால் குழம்பு மட்டும்தான் இறங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு விரால் பலம் என்று எங்கள் பக்கம் கொடுப்பார்கள். எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது என்பார்கள். அதனால் பெரிசு எல்லாம் அவளுக்கு. உயிரோடு சிமெண்டுத் தொட்டியில் விட்டுவைப்பேன். துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று மேலே பலகை, பலகைமேல் குழவிக்கல்.

அந்தச் சமயம்தான் அந்த மேடம் வந்தார். குளத்து மீனில் பாதரசம் சேர்கிறதா என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர். சேறு, புழு, பொடி மீன் என்று எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். கடைசியில் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பெரிச எனக்குக் குடுங்க. இதுதான் எனக்கு முக்கியம்."

"தர மாட்டேன். அது மாசமா இருக்கற என் பொண்ணுக்கு."

வீட்டுக்காரர் சிரித்தார். "கலெக்டர் வந்து கேட்டாலும் கிடைக்காது மேடம். எனக்கே வால் துண்டுதான்."

மேடம் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்கடி சாப்பிடறாங்களா?"

"கிடைக்கறப்ப எல்லாம்."

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சேற்றில் இருக்கும் பாதரசம் புழுவுக்குப் போகிறது. புழுவைக் கெண்டை தின்கிறது, கெண்டையை விரால் தின்கிறது. அத்தனையிலும் இருந்தது விராலுக்குள் தங்கிவிடுகிறது. வயசான விராலில் இன்னும் அதிகம்.

"மஞ்சள் போட்டு நல்லா கழுவுவேனே?"

"கழுவினாலும் போகாது அக்கா. கொதிக்க வெச்சாலும் போகாது. சதையிலயே இருக்கும்."

"பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"அதிகமா இருந்தா மூளை வளர்ச்சிய பாதிக்கும். இந்தக் குளத்துல எவ்வளவு இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் பெரிசு வேண்டாம். மீன நிறுத்தாதீங்க, பொடி மீனா குடுங்க."

மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இத்தனை நாள் தின்னது?" என்றாள். உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது தலைமுடியில் தெரிந்துவிடும் என்று மேடம் அவள் பிடரியில் கொஞ்சம் முடி வெட்டி எடுத்துக்கொண்டார். நான் குழவிக்கல்லை நகர்த்தி விராலைப் பிடித்து அவர் பெட்டியில் போட்டேன்.

பொடிக் கெண்டையில் குழம்பு வைத்துக் கொடுத்தேன். முதலில் வாந்திதான். புளியைக் குறைத்தேன். பிறகு தங்கியது. மகள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நடவு முடிந்திருந்தது. நல்ல மழை. மேடம் பஸ்ஸில் வந்து இறங்கி நனைந்துகொண்டே நடந்து வந்தார். போனில் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்தாராம்.

"விரால்ல அதிகமாத்தான் இருக்கு. பொண்ணு முடியில பயப்படற அளவுக்கு இல்ல. நல்லவேளை, பெரிச சீக்கிரம் நிறுத்திட்டீங்க."

நான் டீ போட உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைக்க நேரமானது.

பேத்தி பிறந்தாள். இப்போது தாத்தாவை எதிர்த்துப் பேசுகிறாள். "இனிமே பெரிசு எனக்கு, கெடறதுக்கு எனக்கு மூளை எங்க இருக்கு?" என்பார் அவர். பெரியவர்கள் எப்போதாவது தின்றால் பரவாயில்லை என்று மேடம் சொல்லியிருந்தார்.

சந்தையில் பெரிய விராலை யார் தொட்டாலும் யாருக்கு என்று கேட்டுவிடுவேன்.

"உனக்கெதுக்கு? சம்பந்தம் பேசப் போறியா?" என்றாள் ஒருத்தி.

"மாசமா இருக்கற பொண்ணுக்குன்னா இது வேண்டாம் தாயி. கெண்டைப்பொடி எடுத்துக்க."

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார்கள். சிலர் நின்று ஏன் என்று கேட்பார்கள். புழுவில் ஆரம்பித்துச் சொல்வேன், மேடம் எனக்குச் சொன்ன மாதிரியே.