தலைகீழாய் நட்ட கம்பு

நாலாம் வகுப்பில் எங்கள் சார் பாதி நாள் பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில்தான் நடத்துவார். ஓலை ஈர்க்கால் செடிகளின் உயரம் அளப்போம். மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் இலை விரல்களை எண்ணிப் பெருக்கல் போடுவோம். ஓர் இலைக்கு ஏழு விரல் என்றால் ஆறு இலைக்கு எத்தனை என்று கேட்பார். விடை சொன்னதும், ஆறு இலையைப் பறித்து எண்ணச் சொல்வார். அதில் ஒன்றிரண்டுக்கு ஐந்து விரல்தான் இருக்கும். கணக்கு தப்பா, செடி தப்பா என்று எங்களுக்குள் சண்டை வரும்.

மழை தொடங்கியதும் ஆளுக்கொரு மரச்சீனிக் கம்பு கொண்டுவரச் சொன்னார். நடுவதற்கு முதலில் என்னைக் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், கம்பைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

"எலே, இங்க பாருங்கலே! இவ வெளையில கெழங்கு மேல காய்க்குமாக்கும்!" என்றான் ஒருவன்.

"அப்ப இவ அம்மை எலையவா அவிச்சுப் போடுவா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பிடுங்கி நேராக நடக் குனிந்தேன். சார் தடுத்தார்.

"விடு மக்கா. முளைக்குமா இல்லியான்னு எனக்கும் தெரியாது. பாப்போம்."

சாருக்கும் தெரியாதது உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கரும்பலகையின் மூலையில் இரண்டு கட்டம் போட்டார். நேராக நட்டது எத்தனையாவது நாள் முளைத்தது, தலைகீழாக நட்டது எத்தனையாவது நாள். நேர்க் கம்புகள் ஒன்பதாம் நாள் முளைவிட்டன. ஒன்பது என்று எழுதினார். என் கட்டம் காலியாகக் கிடந்தது.

பதினோராம் நாள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்த எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடாகிக்கொண்டிருந்த நேரம். பாறசாலை ரோட்டில் ஊர்வலம் போனது. பள்ளிக்கூட வராந்தாவில் போலீஸ்காரர்கள் வந்து தங்கினார்கள்.

"அந்தப் பக்கமே போவண்டாம், கேட்டியா?" என்றார் அப்பா.

நான் தலையாட்டினேன். ஆனால் அந்தக் காலிக் கட்டம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நான் போய்ப் பார்க்காவிட்டால் அந்த நாள் யாருக்குமே தெரியாமல் போய்விடுமே. மாட்டுக்குப் புல்லறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வேலி இடுக்கு வழியாகத் தினமும் தோட்டத்துக்குள் நுழைந்தேன். வீடு திரும்பியதும் தொழுவத்துச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவேன்.

பதினேழாம் நாள் குனிந்து பார்த்தேன். மண்ணுக்கு மேலே இருந்த கணு ஒன்றில் சிவப்பாக ஒரு முளை. மண்ணைப் பார்த்துக் கிளம்பி, பாதியில் யோசித்ததுபோல முழங்கை மாதிரி வளைந்து மேலே திரும்பியிருந்தது. மேல் எது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

"எந்தா கொச்சே இவிடெ?"

இங்கே என்ன வேலை என்று மலையாளத்தில் கேட்டபடி பின்னால் ஒரு போலீஸ்காரர் நின்றார். கம்பைக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எடோ, இங்ஙோட்டு வா! ஆரோ தலகீழா நட்டிருக்குந்நு. முளைச்சிட்டுமுண்டு!"

இன்னொருவர் வந்தார். "வேரு வந்நோ? பிடுங்கி நோக்காம்" என்று கம்பில் கை வைத்தார்.

"புடுங்காதீங்கோ!"

கத்தியது நான்தான். அவர் கையை எடுத்துவிட்டார். நான் புல் போடும் கடவப் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினேன். கடவம் எங்கே என்று கேட்ட அம்மாவிடம் ஏதோ பொய் சொன்னேன்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது என் கம்பில் நாலைந்து இலை விரிந்திருந்தது. சார் சாக்குக்கட்டியோடு காலிக் கட்டத்தின் முன்னால் நின்றார்.

"முளைச்சாச்சு. ஆனா எந்த நாள்னு நமக்குத் தெரியாம போச்சே. கோடு போட்டு விடட்டா?"

சொன்னால் நான் அங்கே போனது அப்பா காது வரைக்கும் போகும். ஊமையாகவே இருந்துவிடலாம். சார் கோடு போடக் கையைத் தூக்கினார். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"பதினேழு, சார்."

வகுப்பு முழுதும் திரும்பிப் பார்த்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். சார் பதினேழு என்று எழுதினார்.

"எந்தக் கணுவுல, மக்கா?"

"மேலேருந்து ரெண்டாவது, சார்" என்றேன்.